உச்சிக்கொடை வெடி

அவசரம் ஒண்ணும் இல்ல ஆசாரியாரே. கையில இருக்க கதவு வேலைய முடிச்சிட்டே என்னுதைப் பாரும். நான் இந்தப் பலகை மேல உக்காந்துக்கிடுதேன். நாளைக்கு மத்தியானத்துக்குத்தான் எனக்குத் துப்பாக்கி வேணும். இன்னைக்கு வியாழக்கெழமை, மணி மூணு கூட ஆகல. அவசரமே இல்ல.

ஆனா இன்னைக்கே குடுத்துருவீருல்லா?

சும்மா கேட்டேன். திங்கக்கெழமை நான் துப்பாக்கிக் கட்டையக் கொண்டாந்து போடும்போதே வியாழக்கெழமை சாயங்காலம்னு சொன்னீரு. சொன்ன சொல்லு தவறமாட்டீருன்னு ஊரே சொல்லுது. அந்தா மூலையில சைக்கிள் டியூப்பைச் சுத்திக் கட்டி வச்சிருக்கீரே, அதுதானே என்னுது? பாக்க கழுத்து சுளுக்குனவன் பட்டை போட்டுக்கிட்டுக் கெடக்க மாதிரில்லா இருக்கு. இருக்கட்டும், இருக்கட்டும், அவுக்க வேண்டாம். பசை இன்னும் கொஞ்சம் இறுகட்டும்னா இறுகட்டும். நான் குழலைக் கோணியில சுத்திக் கொண்டாந்திருக்கேன். இங்கனயே வச்சுப் பூட்டிப் பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிருதேன்.

வாசல்ல மரச்சுருளை வச்சு விளையாடுதது உம்ம பிள்ளைகளா? ரெண்டும் பொம்பளப் பிள்ளைகளா? நல்லாருக்கட்டும்.

எம் பொண்டாட்டி கோமு கேக்கா, 'ஒரு வருசமாப் பரண் மேல கெடந்த சாமானு மேல இப்ப என்ன திடீர்னு பாசம்'னு. பன்னிக்குன்னு சொன்னேன். உம்மகிட்டயும் அன்னைக்கு அப்பிடித்தான் சொன்னேன். அது பொய்யில்ல. மலையில இருந்து காட்டுப்பன்னி எறங்கிக் கெழங்குக் கொல்லைய உழுது போட்டுட்டுப் போவுது, நீரே வந்து பாக்கலாம். ஆனா அது ஒரு வருசமா எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. நான் ஒண்ணும் செய்யல. பன்னி மேல எனக்கு என்ன கோவம்.

கட்டையில கீறல் எப்பிடி விழுந்துச்சுன்னு கேட்டீரு. பரண்ல இருந்து கீழ விழுந்துச்சுன்னு சொன்னேன். நீரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கீழ விழுந்தா அடிக்கட்டையில மொக்கை விழும், இப்பிடிக் கழுத்துல முறுக்கிக்கிட்டுக் கீறாதுன்னீரு. நல்ல ஆளுய்யா நீரு. மரத்தைப் பாத்து மனுசன் பொய்யைக் கண்டுபிடிக்கீரு.

சரி, உம்மகிட்ட சொல்லுததுக்கு என்ன. ஆட்டுக்கல்லுல அடிச்சேன். போன வருசம் கோயில் கொடை முடிஞ்சு வீட்டுக்கு வந்த கையோட, குழலைப் பிடிச்சுக்கிட்டு, புறவாசல்ல கெடக்க ஆட்டுக்கல்லுல ஒரே அடி. கோமு ஓடியாந்து கையப் பிடிச்சுக்கிட்டா. இல்லன்னா ரெண்டாப் போயிருக்கும். எங்க அய்யா துப்பாக்கி வே அது. எஸ்டேட்ல இருந்த ஒரு மேனேசர் ஊருக்குப் போகும்போது அவருகிட்ட வாங்கினது. ஒத்தைக் குழல். இந்தக் கட்டையில எங்க அய்யா கன்னம் பட்டுப் பட்டு ஒரு எடம் வழுவழுன்னு இருக்கும், பாத்திருப்பீரு. அதைப் போய் நான் கல்லுல அடிச்சேன்னா, எனக்கு எவ்வளவு வயிறு எரிஞ்சிருக்கணும்.

நீரு இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருசம் இருக்குமா? எங்க கொடைக்கு வந்ததில்லல்லா. அப்ப உமக்கு இது தெரிய ஞாயமில்ல. சொல்லுதேன் கேளும்.

முப்பிடாதி அம்மன் எங்க குடும்பத்துச் சாமி. ஊருக்கு மேக்க, ஓடைக்கரையில கோயில். ஆடி மாசம் ரெண்டாவது வெள்ளி அம்மனுக்கு உச்சிக்கொடை. மத்தியானம் மேளம் அடிச்சு, சாமியாடி மேல அம்மன் எறங்கி, படைப்புச் சோத்தைத் தொறக்குததுக்கு முன்னால ஒரு வெடி போடணும். வேட்டு இல்ல, துப்பாக்கி வெடி. அந்தச் சத்தம் கேட்டாத்தான் படைப்பு மேல மூடியிருக்க துணிய எடுப்பாக. வெடி போடுதது எங்க வீட்டுல மூத்தவன். கோயில் படியில சூடத்தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கது இளையவன். எங்க அய்யா இருந்தவரைக்கும் வெடி அவரு, தட்டு எங்க சித்தப்பா. அவுகளுக்குப் பொறவு வெடி நான், தட்டு என் தம்பி நயினார்.

வெடின்னா ஈய ரவையோட இல்ல பாத்துக்கிடும். அத்தனை சனம் நிக்க எடத்துல ரவையோட சுடுவாகளா? எங்க அய்யா முந்தின நாளே தோட்டா வாயைப் பிரிச்சு, ரவையெல்லாம் ஒரு கிண்ணத்துல கொட்டிருவாரு. உள்ள மருந்து மட்டுந்தான் இருக்கும். சத்தம் வரும், புகை வரும், வேற ஒண்ணும் வராது. அப்புறம் அந்தத் தோட்டாவை அம்மன் காலடியில வச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, ராத்திரி பூராவும் அங்கயே இருக்கும். மறுநாள் எடுத்துப் போட்டாருன்னா, மலையில போய் முட்டித் திரும்பி வரும் சத்தம்.

நானும் ஒரு முறை விடாம அதே மாதிரித்தான் செஞ்சேன். அதுல ஒருத்தனும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது. அய்யா வச்சிருந்தது பித்தளைத் தோட்டா. தண்ணி தெளிச்சா வழிஞ்சு போயிரும். அதெல்லாம் தீந்து போச்சு. போன வருசந்தான் மொதமொத அட்டைத் தோட்டா வாங்கினேன். அதையும் வாயைப் பிரிச்சேன், ரவையைக் கொட்டுனேன், அம்மன் காலடியில வச்சேன். தெளிக்கதை நல்லாவே தெளிச்சிருவோம்னு ஒரு செம்பு மஞ்சத்தண்ணிய அது மேலயே ஊத்துனேன். கோமு பக்கத்துல நின்னு, 'அட்டைல்லா, ஊறிராதா'ன்னு கேட்டா. சாமி காரியத்துல என்னட்டி ஊறுததுன்னு ஒரு அரட்டு அரட்டுனேன். பொம்பளைக்கு என்ன தெரியும்.

மறுநாள் உச்சி நேரம். நல்ல கூட்டம். மெட்ராசுல இருந்து, பம்பாயில இருந்தெல்லாம் சொந்தக்காரங்க வந்திருக்காக. சாமியாடி ஆடிக்கிட்டு நிக்கான். மேளம் நின்னுது. எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாக. நான் வேப்பமரத்து மூட்டுல நின்னு குழலை மேல தூக்கி விசைய இழுத்தேன்.

டிக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் புஸ்ஸுன்னு குழல் வாயில கொஞ்சம் புகை. அவ்வளவுதான் வே.

காதைப் பொத்துன கைய ஒருத்தரும் எடுக்கல. அந்த நேரத்துல நான் படியப் பாத்தேன். நயினார் சிரிச்சான். தட்டு ஆடுது, தோள் குலுங்குது, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கான். சிரிச்சிட்டு, வேட்டுக்காரனைப் பாத்துக் கைய ஆட்டுனான். அவன் படபடன்னு சரவேட்டைக் கொளுத்திப் போட்டான். சனம் குலவை போட்டு, துணிய எடுத்து, படைப்பு தொறந்து, எல்லாம் நடந்து முடிஞ்சு போச்சு. நான் குழலைப் பிடிச்சுக்கிட்டு மரத்தடியில நிக்கேன். எங்கிட்ட ஒருத்தனும் வரல.

கோமு என்ன சொல்லுதா தெரியுமா? அவன் சிரிக்கலையாம். சூடப் புகை ஏறி இருமுனானாம். எனக்கு அசிங்கமாயிரக் கூடாதுன்னுதான் சட்டுன்னு வேட்டுக்காரனுக்குக் கை காட்டுனானாம். அவ அப்பிடித்தான் சொல்லுவா. கல்யாணமாகி வந்த நாளுல இருந்து அவ கையால தின்னு வளந்தவன்லா. மதினி மதினின்னு அவ சேலையப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன். எனக்குக் கண்ணு தெரியாதா வே? இருமுதவன் தோளு எப்பிடிக் குலுங்கும், சிரிக்கவன் தோளு எப்பிடிக் குலுங்கும்னு எனக்குத் தெரியாதா?

ஆமா, அதுக்குப் பொறவு ஊருல எனக்கு ஒரு பேரு வந்துச்சு. உமக்கும் தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி இழைப்புளிய இழுக்காதீரும். புஸ்வாணம். இந்த முக்குல இருக்க டீக்கடையில நான் போனா, 'புஸ்வாணம் அண்ணாச்சிக்கு ஒரு டீ'ம்பான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவான், நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் குடிப்பேன். தீவாளிக்கு விடியக்காலம் கதவைத் தொறக்கேன், எரிஞ்சு போன புஸ்வாணச் சட்டி ஒண்ணு வாசப்படியில இருக்கு. கோலம் போட்டு நடுவுல வச்ச மாதிரி இருக்கு. யாரு வச்சிருப்பா? இதைக் கேக்கணுமா? நயினார் மாமியா செத்துப் போன வருசம் அது, அவன் வீட்டுல தீவாளியே கெடையாது, ஒரு வெடி வாங்கலன்னு கோமு சத்தியம் பண்ணுதா. அதனால என்ன, வெளியில யார்கிட்டயாவது வாங்க முடியாதா?

அதுல இருந்து நான் அவன்கூடப் பேசல. மூணு தடவை வீட்டுக்கு வந்தான். நான் உள்ள படுத்துக்கிட்டே இல்லன்னு சொல்லச் சொன்னேன். அவனுக்கு நான் உள்ளதான் இருக்கேன்னு தெரியும். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவான். சித்திரையில தோட்டத்துப் பலாப்பழத்தை வண்டியில வச்சுக் குடுத்து விட்டான். மாட்டுக்கு வெட்டிப் போட்டேன். மாடு நல்லா தின்னுச்சு.

ஒண்ணு சொல்லுதேன். நான் கல்லு மனசுக்காரன்னு நீரு நெனைச்சிரக் கூடாது. நயினார் எனக்குப் பன்னெண்டு வயசு எளையவன். சின்னப் பிள்ளையில கொடைக்கு அவனை இந்தா, இந்தத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். அய்யா துப்பாக்கியத் தூக்கும்போது அவன் தன் காதைப் பொத்த மாட்டான் வே. ரெண்டு கையாலயும் என் காதைப் பொத்துவான். வெடிச்சதும் பயந்து அழுவான், அப்பவும் என் காதுல இருந்து கைய எடுக்க மாட்டான். அப்பிடி வளத்தவன்லா சிரிச்சான். ஊருக்காரன் நூறு பேரு சிரிச்சா நான் தொடச்சுப் போட்டுட்டுப் போயிருவேன்.

சரி, பழசு எதுக்கு. டியூப்பை அவுக்கீரா? அவும், அவும்.

இந்த வருசம் நான் எல்லாத்தையும் சரியாச் செய்யப் போறேன். புதுத் தோட்டா வாங்கியிருக்கேன். போன வருசம் எங்க தப்பு நடந்துச்சுன்னு நல்லா யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு எடத்துல தப்பு. ஒண்ணு, தண்ணி. இந்த வருசம் தோட்டாவை அம்மன் காலடியில வைக்கல. வீட்டுலயே இருக்கு, என் பொட்டிக்குள்ள. அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா. ரெண்டாவது, வாயைப் பிரிக்கது. பிரிச்சா காத்து பூந்து ஈரம் ஏறிருது வே, அட்டைல்லா. அதனால இந்த வருசம் பிரிக்கல. கடையில வாங்கினது வாங்கின மாதிரி இருக்கு.

என்ன, கைய நிறுத்திட்டீரு?

ஆமா, ரவை உள்ளதான் இருக்கும். இருந்தா என்ன? வானத்தைப் பாத்துத்தானே சுடப் போறேன். மேல போற ரவை மேல போயிரும். கோமு நேத்து அந்தக் கிண்ணத்தை வெளக்கிக் கொண்டாந்து என் முன்னால வச்சா, ரவை கொட்டுத கிண்ணத்தை. வச்சிட்டு அங்கயே நிக்கா. அப்புறம் கொட்டிக்கிடுதேன்னு சொன்னேன். அவ போகல. பொட்டிச் சாவி எங்கன்னு கேட்டா. என் அரணாக்கயித்துல இருக்கு, போடின்னேன். ராத்திரி பூரா அவளுக்கு உறக்கமே இல்ல. வயசாச்சுன்னா பொம்பளைகளுக்கு உறக்கம் கொறைஞ்சிரும்.

செவ்வாக்கெழமை போய்க் கோயிலைப் பாத்துட்டு வந்தேன். சும்மாத்தான். வெடி போடுதவன் எடத்தைப் பாத்துக்கிடணும்லா. வேப்பமரத்து மூட்டுல இருந்து படிக்குப் பதினாலு எட்டு. நயினார் மூணாவது படியில நிப்பான். அங்க நின்னான்னா என் தலைக்கு மேல அவன் நெஞ்சு வருது. குழலை ரொம்பத் தூக்கவும் வேண்டாம். அதாவது, மேலதான் தூக்கணும். தூக்கும்போது கை வழியில அந்தப் படி வருதுன்னு சொல்லுதேன். வழியில இருக்கதைச் சொல்லாம இருக்க முடியுமா?

அதுக்குத்தான் இந்தக் கட்டை. நீரே சொன்னீருல்லா அன்னைக்கு, கழுத்துல கீறல் இருந்தா சுடும்போது கட்டை கைக்குள்ள முறுக்கும், குழல் எந்தப் பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு? நீரு சொன்னது என் மண்டையில அப்பிடியே உக்காந்துக்கிட்டு. யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவு சரியான பேச்சு. பழைய சாமானு வே. அது திரும்புச்சுன்னா திரும்புனதுதான். பிடிச்சிருக்கவன் என்ன பண்ணுவான் பாவம்?

அதான் உம்மகிட்ட மேலாக்க ஒட்டுனா போதும்னேன். ஆணி கீணி வேண்டாம், பாக்க ஒட்டுன மாதிரி இருந்தாப் போதும், ஒரு வெடி தாங்குனா போதும்னு. பொறவு ஒரு சீட்டும் கேட்டேன். கட்டை பழசு, கழுத்துல கீறல், ஒட்டு எப்ப வேணாலும் விடும்னு எழுதி, தேதி போட்டு ஒரு கையெழுத்து. லைசென்சு புதுப்பிக்கப் போற எடத்துல கேப்பானுக. கேக்காட்டாலும் கையில இருக்கது நல்லதுதானே. நாளப் பின்ன ஒண்ணு ஆச்சுன்னா உம்மை யாரும் குத்தம் சொல்லிரக் கூடாதுல்லா. உம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன். எழுதி வச்சிருக்கீரா? இருக்கட்டும், அப்புறம் பாப்போம். மொதல்ல கட்டையக் குடும்.

என்னது?

நயினாரா? இங்கயா வந்தான்? எப்ப?

காலையிலயா. கொடைக்குப் பலகை கேட்டு வந்தானா. சரி, வரட்டும், கடைன்னா யாரும் வரலாம். இந்தக் கட்டையப் பாத்தானா? தொட்டானா? அடையாளம் தெரியாம இருக்குமா, அய்யா கன்னம் பட்ட எடந்தான் இருக்கே. என்ன சொன்னான்? மறைக்காம சொல்லும்.

எங்கண்ணன் நாளைக்கு இதுலதான் வெடி போடணும், கட்டை விட்டுச்சுன்னா அவரு கன்னத்துல அடிச்சிரும், வயசான மனுசன், நல்லா உறுதியாச் செய்யும்னு சொன்னானா?

அப்பிடியா சொன்னான். கன்னத்துல அடிச்சிரும்னா.

வேட்டுக்காரனை இந்த வருசம் வரவேண்டாம்னு சொல்லிட்டானாமா? அண்ணன் வெடி மட்டும் போதும், அது வெடிக்க வரைக்கும் மத்தியானம் என்ன, பொழுது சாயுத வரைக்கும் நான் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்னானா?

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடும் வே.

இல்ல, ஒண்ணுமில்ல. மரத்தூளு தொண்டையில போயிட்டு.

நடிக்கான். உமக்கு அவனைத் தெரியாது. வேட்டை நிறுத்துனதே எதுக்குங்கீரு? நாளைக்கும் புஸ்ஸுன்னு போச்சுன்னா, மூடி மறைக்க ஒரு வேட்டுச் சத்தம் கூட இருக்கக் கூடாதுன்னுதான். அத்தனை சனத்துக்கு முன்னால நான் திரும்பவும் நிக்கணும், அவன் திரும்பவும் சிரிக்கணும். அதுக்குத்தான். வேற எதுக்கு? நீரே சொல்லும், வேற எதுக்கு? என் மேல பாசத்துலயா?

குடும், கட்டையக் குடும். குழலைப் பூட்டிப் பாப்போம்.

நல்லா உக்காருது. கச்சிதமா உக்காருது. கீறல் எங்க வே? கண்ணுக்கே தெரியலையே. கையால தடவுனாலும் தெரியல. இது என்ன, ரெண்டு பக்கமும் மஞ்சப் புள்ளி? பித்தளையா? உள்ளுக்குள்ள குறுக்க ரெண்டு பித்தளைக் கம்பி விட்டு அடிச்சிருக்கீரா? பழைய எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் எடுத்துட்டு, கீறலை விரிச்சு, ஆழத்துல பசை ஊத்தி, அதுக்கு மேல கம்பியா?

நான் முறுக்கிப் பாக்கேன். இரும்.

ஒரு நூலு அசையல.

யாரு வே உம்மை இப்பிடிச் செய்யச் சொன்னது? மேலாக்க ஒட்டும்னு நான் சொன்னேனா இல்லையா? ஆணி வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? இதைப் போய் இவ்வளவு உறுதியா, இவ்வளவு...

சரி. சத்தம் போடல. டீக்கடையில இருந்து பாக்கானுக. செஞ்ச வேலை நல்லாருக்குன்னு கோவிச்சுக்கிடுத மனுசனை இன்னைக்குத்தான் பாத்திருப்பானுக. எனக்குக் கோவமில்ல. அந்தக் கம்பிய மட்டும் எடுத்துரும். ஒரு கம்பி போதும், ஒண்ணையாவது எடும். எடுத்தா கட்டையே பிளந்து போகுமா? வேணும்னேதான் அப்பிடிச் செஞ்சிருக்கீரா?

சீட்டையாவது குடும். கண்ணாடி கொண்டாரல, இருந்தாலும் வாசிச்சிருவேன். 'துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் இருந்த கீறல் முழுவதும் சரி செய்யப்பட்டது. இரண்டு பித்தளைக் கம்பி போட்டிருக்கிறது. இனி எந்தப் பக்கமும் அசையாது. பிடித்த பிடிக்கு நிற்கும்.' இன்னைக்குத் தேதி. உம்ம கையெழுத்து. கீழ இது யாரு கையெழுத்து? டீக்கடைக்காரனா? அவனைச் சாட்சி போடச் சொன்னது யாரு? இவ்வளவையும் அவன் வாசிச்சானா?

நான் கேட்டது இது இல்ல ஆசாரியாரே.

என்ன சொன்னீரு? இன்னொரு தடவை சொல்லும். காது சரியாத்தான் கேக்கு, இருந்தாலும் சொல்லும்.

"நாளைக்கு அந்தக் குழல் எந்தப் பக்கம் போனாலும் அது கட்டை திரும்புனதா இருக்காது அண்ணாச்சி. நீங்க திருப்புனதாத்தான் இருக்கும்."

நல்லா பேசுதீரு. மூணு மணிக்கு முன்னாலயே வந்து உக்காந்தேன், நயினார் சொன்னதைச் சொன்னீரு, உம்ம பேச்சா ஒண்ணும் வரல. கடைசியில இது ஒண்ணு பேசுனீரு.

நான் என்ன சொல்லிட்டேன்னு நீரு இப்பிடிப் பேசுதீரு? தம்பி சிரிச்சான்னு சொன்னேன். தோட்டா நனைஞ்சிரும்னு சொன்னேன். படி பதினாலு எட்டுன்னு சொன்னேன். இதுல என்ன இருக்கு? உம்ம மனசுல ஏதோ கோணல் இருக்கு, அதான் கேக்கதெல்லாம் கோணலாக் கேக்கு. சுத்தமான மனசோட கேட்டா நான் பேசுனது பூராவும் வானத்தைப் பாத்து வெடி போடுத பேச்சுதான்.

பாரும், தோள்ல எவ்வளவு நல்லா உக்காருதுன்னு. ஆட்டம் இல்ல. குழல் மட்டமா நிக்கு. எதிர்த்தாப்புல அந்தப் பல்லு ஆஸ்பத்திரி போர்டு இருக்குல்லா, அது உயரந்தான் மூணாவது படி. குறி வச்சா அப்பிடியே நிக்கு. எங்க அய்யா கையில இருந்தப்பக் கூட இப்பிடி நின்னிருக்காது. உம்ம கைவேலைய நான் குத்தம் சொல்லல.

பிள்ளைகளை உள்ள கூப்பிடுதீரா. கூப்பிடும். வெறும் குழல்தான், உள்ள ஒண்ணும் இல்ல. இருந்தாலும் கூப்பிடும்.

நான் வாரேன். சீட்டு எனக்கு வேண்டாம். நீரே வச்சுக்கிடும், கிழிச்சுப் போடும், என்னமும் பண்ணும். இந்தக் கோணியக் கொஞ்சம் பிடியும், சுத்திக்கிடுதேன்.

என்னது? நாளைக்குக் கொடைக்கு நீரும் வாரீரா? வாரும், வாரும், எல்லாருக்கும் சோறு உண்டு. வந்தா மேளக்காரங்க பக்கத்துல ஒரு பந்தல் இருக்கும், நல்ல நெழலு. அங்க உக்காந்துக்கிடும்.

படியிலயா?

நயினார் கூப்பிட்டானா. பலகை நீரு செஞ்சு குடுத்ததால மரியாதைக்கு அவன் பக்கத்துல நிக்கச் சொன்னானா. நீரு என்ன சொன்னீரு? காலையில யோசிச்சுச் சொல்லுதேன்னீரு, இப்ப நிக்கதுன்னு முடிவு பண்ணிட்டீரா? இப்பன்னா, இந்த நிமிசமா?

வேண்டாம் வே. அது சின்னப் படி, ரெண்டு பேரு நிக்க எடம் பத்தாது. வெயிலு மூஞ்சியில அடிக்கும். சூடப் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும். ஆமா, இருமல் வரத்தான் செய்யும், அந்தப் புகைக்கு யாருக்கும் வரும். அதை விடும். நீரு அங்க நிக்க வேண்டாம்.

செஞ்ச கட்டை எப்பிடி நிக்குன்னு பக்கத்துல இருந்து பாக்கணும்னா என் பக்கத்துல வந்து நில்லும். மரத்தடியில நில்லும். என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கூட நில்லும். அவன் தோளோட தோளு நின்னுதான் பாக்கணுமா?

ஆசாரியாரே, சொல்லுதைக் கேளும். உமக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. நீரு எனக்கு ஒரு கெடுதலும் செஞ்சதில்ல. எங்க வேணாலும் நில்லும். அந்தப் படியில மட்டும் நிக்காதீரும்.